பழைய கம்பைலருக்கு ஒரு தனி ஃபோல்டர்

தை பிறந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ப்ளஸ் டூ பிராக்டிக்கல் பேச்சு தொடங்கிவிடும். கல்லூரிகளிலும் செமஸ்டர் லேப் நெருங்கும். அந்த வாரங்களில் ஸ்ரீமுஷ்ணத்தில் உள்ள என் கம்ப்யூட்டர் சென்டருக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், ஆண்டிமடம் பக்கத்துப் பையனானாலும் சரி, விருத்தாசலத்தில் பட்டப்படிப்புப் படிக்கும் பெண்ணானாலும் சரி, கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். "சார், பழைய கம்பைலர் போடணும். ஆனா இப்ப இருக்கிறது எதுவும் கெட்டுடக் கூடாது."

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுப்பதில் கிடைக்காத நிறைவு இதில் கிடைக்கிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மென்பொருளும் போன மாதம் வெளியான ஒன்றும் ஒரே மெஷினில் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுவதைப் பார்க்கும்போது, கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இத்தனை காலம் இந்த வேலையைச் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. பழைய கம்பைலரால் வருவதாகச் சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை கம்பைலரின் கோளாறே அல்ல. ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்த ஃபோல்டரிலிருந்து பதில் வருகிறது என்பதைப் பார்க்காமல் விடுவதால் வருபவை.

நம் மாநிலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு பரவலாக இருப்பதற்குப் பாடப்புத்தகங்களின் வரலாறே காரணம். 2019 வரை ப்ளஸ் டூ கணினி அறிவியலுக்கு இரண்டு தொகுதிகள். ஒன்றில் ஸ்டார் ஆபீஸ், மற்றொன்றில் சி++. அந்த சி++ நிரல்கள் 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்', 'கோனியோ டாட் ஹெச்' என்று தொடங்கும். 'வாய்ட் மெயின்' என்று எழுதுவார்கள். திரையைத் துடைக்க 'சிஎல்ஆர்எஸ்சிஆர்', முடிவில் ஒரு விசைக்குக் காத்திருக்க 'கெட்ச்'. இந்த நடை போர்லண்டு நிறுவனத்தின் டர்போ சி++ கற்றுக்கொடுத்த நடை. போர்லண்டு 1987-இல் டர்போ சி-யையும் 1990-இல் டர்போ சி++-இன் முதல் பதிப்பையும் வெளியிட்டது. நம் லேப்களில் நிலைத்துவிட்ட மூன்றாம் பதிப்பும் 1990-களின் தொடக்கத்தைச் சேர்ந்ததுதான். சி++ மொழிக்கு ஐஎஸ்ஓ தரம் வந்ததோ 1998-இல். தரம் வருவதற்கு முன்பே பிறந்த கம்பைலருக்கு நேம்ஸ்பேஸ் தெரியாது, 'பூல்' என்ற தரவினம் தெரியாது, 'ஸ்ட்ரிங்' வகுப்பும் தெரியாது. அதன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பிறந்தபோது அவை நிலைபெறவில்லை.

2018-19-இல் ப்ளஸ் ஒன்னுக்குப் புதுப் பாடத்திட்டம் வந்தது. சி++ பாடம் டெவ்-சி++-க்கு மாறியது. அடுத்த ஆண்டு ப்ளஸ் டூ பைத்தானுக்கு மாறியது. அதிலும் 14-ஆம் பாடம், சி++ நிரலைப் பைத்தான் வழியாகக் கம்பைல் செய்து ஓட்டச் சொல்கிறது. கல்லூரிகளில் இன்னும் சில லேப்களில் டர்போ சி இருக்கிறது. குறிப்பாகக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் லேபில், டிடிஏ, பிரெசன்ஹாம் கோடு வரைதல் போன்றவற்றுக்கு 'கிராஃபிக்ஸ் டாட் ஹெச்' தேவைப்படுகிறது. இதற்கிடையே 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தால் கிராமத்து வீடுகளுக்கும் மெஷின் வந்துவிட்டது. ஒரே லேப்டாப்பில் முதலில் அண்ணன் டர்போ சி போடுவான், பிறகு தங்கை டெவ்-சி++ போடுவாள், அதன் மேல் பைத்தான், அதற்கும் மேல் விஎஸ் கோடு. ஒவ்வொருவரும் தன் தேர்வுக்குத் தேவையானதைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கடைசியில் கையில் வைத்திருப்பவருக்குத்தான் எரர்.

டர்போ சி++-ஐ முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. இன்றைய லேப்டாப்பில் அதன் ஐகானைத் தட்டினால் "இந்த நிரல் உங்கள் கணினியில் ஓடாது" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். டர்போ சி++ 16-பிட் டாஸ் நிரல். 32-பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் என்ற ஒரு பகுதி டாஸ் நிரல்களை ஓட்டித் தந்தது. பிராசஸரில் 'வர்ச்சுவல் 8086' என்று ஒரு நிலை உண்டு. என்டிவிடிஎம் நின்றது அதன் மேல்தான். பிராசஸர் 64-பிட் நிலையில் ஓடும்போது அந்த வசதி கிடையாது. ஆகவே 64-பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் சேர்க்கப்படவில்லை. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. எந்த 'கம்பாட்டிபிலிட்டி மோட்'-ஐத் தேர்ந்தெடுத்தாலும் இது மாறாது. ஆட்கள் மணிக்கணக்கில் அந்த மெனுவிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே டாஸ்பாக்ஸ். 2002-இலிருந்து இருக்கும் இந்த இலவச மென்பொருள் ஒரு முழு டாஸ் கம்ப்யூட்டரையும் மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டுகிறது. நம் வட்டில் உள்ள ஒரு ஃபோல்டரை 'மவுன்ட்' கட்டளையால் அதற்கு சி டிரைவாகக் காட்டினால் போதும்; உள்ளே இருக்கும் டர்போ சி-க்கு வெளியே விண்டோஸ் 11 இருப்பதே தெரியாது. புதிய கருவிகளுக்கும் இப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியாது. பழையதையும் புதியதையும் சேர்த்து வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பது என் கருத்து. மவுன்ட் கட்டளைகளை டாஸ்பாக்ஸின் கான்ஃபிகரேஷன் கோப்பில் 'ஆட்டோஎக்ஸெக்' பகுதியில் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

ஆனால் மாணவர்கள் அழுகிற இடம் இதற்குப் பிறகு வருகிறது. டர்போ சி++-இல் நிரலை ஓட்ட கண்ட்ரோல் எஃப்9. டாஸ்பாக்ஸில் அதே கண்ட்ரோல் எஃப்9-க்கு 'உடனே மூடு' என்று பொருள். அரை மணி நேரம் அடித்த புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம் என்று விசையைத் தட்டினால் ஜன்னலே காணாமல் போகும். சேமித்திருக்காவிட்டால் போனது போனதுதான். "சார், வைரஸ் இருக்கு சார்" என்று ஒரு பெண் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். எந்த விசையைத் தட்டினாய் என்று கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. "பாப்பா, வைரஸ் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே விசை. ஒருத்தருக்கு மாத்திக் கொடுத்தாப் போதும்" என்றேன். டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் விசைப்பலகையின் படம் வரும். அதில் 'ஷட்டவுன்' என்பதைத் தேர்ந்து, கண்ட்ரோல் எஃப்9-ஐ அதிலிருந்து எடுத்துவிட்டு, சேமித்து வெளியே வர வேண்டும். அதன் பிறகு டர்போ சி-யின் ரன் விசை ரன் விசையாகவே இருக்கும். இதைச் செய்யாமல் டாஸ்பாக்ஸைப் போட்டுக் கொடுப்பதை நான் முடிந்த வேலையாகக் கருதுவதில்லை. எஃப்2 அடித்துச் சேமித்த பிறகே ஓட்ட வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த எரர்: 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச் கோப்பைத் திறக்க முடியவில்லை.' கோப்பு அங்கேயே இருக்கும், கண்ணால் பார்க்கலாம், ஆனாலும் திறக்க முடியாது என்று சொல்லும். டர்போ சி தன் ஹெடர் கோப்புகள் எங்கே, லைப்ரரி எங்கே என்பதைத் தன் கான்ஃபிகரேஷன் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. நண்பனின் பென் டிரைவிலிருந்து ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால், நண்பன் மெஷினின் விலாசமும் கூடவே வருகிறது. அவனுடையது டி டிரைவில் இருந்திருக்கும், நம்முடையது சி டிரைவில். 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'டைரக்டரீஸ்' திறந்து, இன்க்ளூட், லைப்ரரி இரண்டையும் டாஸ்பாக்ஸுக்குள் தெரியும் விலாசத்துக்கு மாற்ற வேண்டும். விண்டோஸில் தெரியும் விலாசம் அங்கே செல்லாது. ஹெடர் கிடைத்துவிட்டது, ஆனால் லிங்க் ஆகவில்லை என்றால் லைப்ரரி விலாசம் இன்னும் தவறு. கிராஃபிக்ஸ் நிரல் மட்டும் லிங்க் ஆகவில்லை என்றால் 'லிங்கர்' பகுதியில் கிராஃபிக்ஸ் லைப்ரரிக்கு டிக் போடவில்லை. கம்பைலும் லிங்க்கும் ஆகி, ஓடும்போது கிராஃபிக்ஸ் தொடங்கவில்லை என்றால் 'இனிட்கிராஃப்' வரியில் எழுதிய பிஜிஐ ஃபோல்டரின் விலாசம் பிழை. கோளாறு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே எந்த விலாசம் தவறு என்று சொல்லிவிடும்.

இன்னும் ஒன்று. நோட்பேடில் எழுதி, மவுன்ட் செய்த ஃபோல்டரில் போட்ட கோப்பு, திறந்திருக்கும் டாஸ்பாக்ஸுக்குத் தெரியாது. கண்ட்ரோல் எஃப்4 அழுத்தினால் தெரியும். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போனால் வெட்டிக் காட்டும். அதனால் பெயரைச் சுருக்கமாக வைப்பது நல்லது.

இவ்வளவும் சரியான பிறகு நான் ஒரு சின்ன சோதனை செய்து காட்டுவது வழக்கம். எட்டின் ஃபேக்டோரியலை 'இன்ட்' மாறியில் கணக்கிடும் ஒரே நிரலை இரண்டிலும் ஓட்டச் சொல்வேன். டெவ்-சி++ 40320 என்று சொல்லும். டர்போ சி++ மைனஸ் 25216 என்று சொல்லும். டர்போ சி-யில் 'இன்ட்' 2 பைட்; 32767-க்கு மேல் அதற்கு இடமில்லை. 40320-இலிருந்து 65536-ஐக் கழித்தால் கிடைப்பதுதான் அந்த மைனஸ் 25216. டெவ்-சி++-இல் 'இன்ட்' 4 பைட். அதற்கும் எல்லை உண்டு: 13-இன் ஃபேக்டோரியல் 622 கோடியைத் தாண்டும், அது 1932053504 என்று தவறாகச் சொல்லும். இரண்டு கம்பைலர்களும் மொழியின் விதியை மீறவில்லை. 'இன்ட்' குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்பதே விதி. இரண்டு கம்பைலர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பவருக்குத்தான் இந்தப் பாடம் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும். வெறும் எரர் நீக்கும் வேலை என்று வந்த பிள்ளைகள் அந்த மைனஸ் எண்ணைப் பார்த்துப் பேசாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆனாலும் புதிதாகக் கற்பவர்களுக்கு டர்போ சி-யை முதல் கம்பைலராகக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தேர்வு கேட்டால் போட்டுக் கொடுப்பேன். கற்பது டெவ்-சி++ போன்றவற்றோடு வரும் இலவச கம்பைலரான ஜிசிசி-யில் நடக்கட்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. போர்லண்டு பிற்காலத்தில் இலவசமாக வெளியிட்டவை டர்போ சி 2.01-உம் டர்போ சி++ 1.01-உம்தான், மூன்றாம் பதிப்பு அப்படி வெளியிடப்படவில்லை. முன்பின் தெரியாத இடத்திலிருந்து 'ஒரே கிளிக்கில் டர்போ சி' என்று இறக்குவதில் என்னென்ன சேர்ந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டாஸ்பாக்ஸுக்குள் இருக்கும் டர்போ சி யாரையும் இடிப்பதில்லை என்றேன். உண்மையான மோதல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஜிசிசி-களுக்கு இடையேதான். இங்கேதான் நேரம் போகிறது.

டெவ்-சி++ என்பது ஒரு எடிட்டர். காலின் லாப்ளாஸ் தொடங்கியது. பிறகு ஆர்வெல் என்ற பெயரில் ஒருவர் தொடர்ந்தார். பள்ளிகளில் பரவலாக உள்ள 5.11 பதிப்பு 2015-இல் வந்தது. அதனுடன் வரும் கம்பைலர் ஜிசிசி 4.9.2. 2020-இல் எம்பார்காடெரோ நிறுவனம் இதன் புதுப் பதிப்பை வெளியிட்டது. போர்லண்டின் நிரலாக்கக் கருவிகளை 2008-இல் வாங்கியதும் அதே எம்பார்காடெரோதான். ஆக, நம் பழைய பாடப்புத்தகத்தின் கம்பைலரும் புதுப் புத்தகத்தின் எடிட்டரும் கடைசியில் ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

டெவ்-சி++-க்குத் தன் கம்பைலர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும், அதன் அமைப்புகளில் எழுதியிருக்கிறது. அதனால் அதற்குள் எல்லா நிரலும் ஓடும். 14-ஆம் பாடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அந்தப் பாடத்தில் பைத்தான் நிரல், ஜிசிசி-யின் சி++ கம்பைலரின் பெயரான 'ஜி++' என்ற சொல்லையும் கோப்பின் பெயரையும் ஒட்டி ஒரு கட்டளையாக்கி விண்டோஸிடம் கொடுக்கிறது. விண்டோஸ் 'பாத்' என்ற மாறியில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களை வரிசையாகத் தேடுகிறது. அதில் டெவ்-சி++-இன் ஃபோல்டர் இல்லை. 'ஜி++ என்று ஒரு கட்டளை எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிடுகிறது. அந்தச் செய்தியைக் கூர்ந்து படிக்க வேண்டும். 'ஜி++' மட்டும் மேற்கோளுக்குள் இருந்தால் பாத் பிரச்சினை. 'ஜி++'-உடன் கோப்பின் பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக இருந்தால் கம்பைலருக்கும் பாத்துக்கும் சம்பந்தமே இல்லை. பைத்தான் நிரலில் 'ஜி++'-க்குப் பின் ஒரு இடைவெளி விடவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்பேஸுக்காக விண்டோஸையே மறுபடி போட்டுக்கொண்டு வந்த மாணவரை எனக்குத் தெரியும்.

பாத் பிரச்சினைதான் என்றால் உடனே பாத்தில் சேர்த்துவிடுவது எல்லோரும் செய்வது. சேர்த்த பிறகும் வேலை செய்யாது, பல காரணங்களால். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்குப் பழைய பாத்தே இருக்கும். ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது பாத்தின் ஒரு நகலை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. பைத்தானின் எடிட்டரான ஐடிலை மூடித் திறக்காமல் பத்து முறை மாற்றினாலும் பயனில்லை. கட்டளையில் எழுதும் ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால், அதாவது 'புரோகிராம் ஃபைல்ஸ்' போலவோ, 'அக்கா லேப்டாப்' என்ற யூசர் பெயர் போலவோ இருந்தால், கட்டளை நடுவில் உடைந்துவிடும். 'செட்எக்ஸ்' கட்டளையால் பாத்தை நீட்டச் சொல்லும் குறிப்புகளை நம்பவே கூடாது. அது 1024 எழுத்தோடு வெட்டிவிடும். வெட்டுப்பட்ட பகுதியில் பைத்தானின் விலாசம் இருந்தால் நேற்றுவரை ஓடிய பைத்தானும் நின்றுவிடும். புதிதாக வந்ததால் பழையது கெட்டது என்று சொல்லும் புகார்களில் பலவற்றுக்கு வேர் இது.

பாத்தில் சரியாகச் சேர்ந்தது போலத் தெரிந்தும் தப்பான கம்பைலர் பதில் சொல்லும் நிலை இன்னும் சிக்கலானது. கோட்-பிளாக்ஸ் தன் ஜி++-உடன் வருகிறது. எம்எஸ்ஒய்எஸ்2 ஒன்றைக் கொண்டுவருகிறது. ஸ்ட்ராபெரி பெர்ல் கூட ஒரு ஜிசிசி-யைக் கொண்டுவந்து பாத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்கிறது; பெர்ல் போட்டவருக்கே அது தெரியாது. ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால், வீட்டு எண் இல்லாத கடிதத்தைப் புது தபால்காரர் முதலில் வரும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். விண்டோஸும் அதைத்தான் செய்கிறது. அதிலும் சிஸ்டம் பாத்தை முதலிலும் யூசர் பாத்தை அதன் பின்னாலும் வைத்துத் தேடுகிறது. ஆகவே யூசர் பாத்தில் முதல் வரியாகப் போட்டாலும், சிஸ்டம் பாத்தில் இருக்கும் ஜி++-தான் வெல்லும்.

எதையும் மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: எந்த ஜி++? கமாண்ட் பிராம்ப்ட்டில் 'வேர்' என்று அடித்து, இடைவெளி விட்டு, 'ஜி++' என்று அடித்தால், அந்தப் பெயரில் பாத்தில் இருக்கும் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். முதல் வரியில் இருப்பதுதான் பதில் சொல்கிறது. பிறகு அதன் வெர்ஷனைக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே நான் மவுஸைத் தொடுகிறேன். லினக்ஸாக இருந்தால் 'விச்' கட்டளை. இவ்வளவு எளிய கேள்வியைக் கேட்காமல் அன்இன்ஸ்டால், ரீஇன்ஸ்டால் என்று ஓடுவதுதான் இந்தத் தொழிலில் எனக்கு ஆற்றாமை தருகிறது.

பதில் கிடைத்த பிறகு நான் செய்வது பாத்தில் சேர்ப்பதல்ல. டெஸ்க்டாப்பில் ஒரு பேட்ச் கோப்பு எழுதுகிறேன். அதில், இந்த ஜன்னலுக்கு மட்டும் பாத்தின் தலையில் டெவ்-சி++-இன் கம்பைலர் ஃபோல்டரைச் சேர்க்கும் ஒரு 'செட்' வரி. அதன் பின் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறக்கும் ஒரு வரி. 14-ஆம் பாடத்தை அந்த ஜன்னலிலிருந்து ஓட்டினால் 4.9.2 பதில் சொல்லும். ஜன்னலை மூடியதும் அந்த மாற்றம் போய்விடும். விஎஸ் கோடுக்கு அதன் அமைப்பில் புதிய ஜி++-இன் முழு விலாசத்தையும் எழுதிவிடுகிறேன். யாரும் யாருடைய பெயருக்கும் பதில் சொல்வதில்லை. பழைய கம்பைலரைச் சிஸ்டம் முழுவதற்கும் அறிவிக்கக் கூடாது; தேவைப்படும் வேலைக்கு மட்டும், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கூப்பிட வேண்டும்.

இதை மீறினால் வரும் விசித்திரமான எரர் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புது ஜி++-ஆல் பிழையே இல்லாமல் கம்பைல் ஆன நிரல், ஓடும்போது மட்டும் 'இந்த டிஎல்எல்-இல் இந்த நுழைவிடம் கிடைக்கவில்லை' என்று ஒரு பெட்டியைக் காட்டி நிற்கும். நிரலுக்குத் தேவையான சி++ லைப்ரரியின் டிஎல்எல்-ஐ விண்டோஸ் பாத் வழியாகத் தேடும்போது, அதே பெயரில் இருக்கும் பழைய டிஎல்எல் முதலில் கிடைத்துவிட்டது. கம்பைல் செய்தது ஒருவர், லைப்ரரி கொடுத்தது வேறொருவர். 'ஸ்டாட்டிக்' என்ற ஆப்ஷனோடு கம்பைல் செய்து லைப்ரரியை நிரலுக்குள்ளேயே வைத்துவிடலாம். பாத்தைச் சுத்தம் செய்வது இன்னும் நல்லது.

சில நேரம் பழைய கம்பைலரே தேவைப்படாது. இதையும் ஆரம்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஜிசிசி-யிடம் '98-ஆம் ஆண்டுத் தரப்படி நடந்துகொள்' என்று ஒரு ஆப்ஷனில் சொல்லலாம். பழைய நிரல்கள் பலவும் அதிலேயே ஓடிவிடும். மறுபக்கம், யூடியூப் பார்த்து எழுதிய புது நிரல் டெவ்-சி++-இல் ஓடவில்லை என்று வருபவர்களுக்குப் புது கம்பைலர் வேண்டியதில்லை, 4.9.2 தானாக 98-இன் தரத்தில்தான் ஓடுகிறது, கம்பைலர் ஆப்ஷன்ஸில் சி++11 என்று ஒரு வரி சேர்த்தால் பாதி எரர் போய்விடும். ஆனால் 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்'-ஐ எந்த ஆப்ஷனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. 2008-இல் வந்த ஜிசிசி 4.3-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். அதை நிரலில்தான் திருத்த வேண்டும்.

பிள்ளைகளின் தேர்வு வேலையைத் தாண்டி, இந்தப் பழைய கம்பைலர்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமான ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. ஒரு சிறு பட்டறையின் பெரியவர், எக்ஸ்பி ஓடிய தன் பழைய மெஷின் நின்றுபோனதும் அதன் ஹார்டு டிஸ்கை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, கிளேஸ் கணக்கு இதுலதான் இருக்கு. இது இல்லாம புது பேட்ச் போட முடியல" என்றார்.

உள்ளே இருந்தது டர்போ சி-யில் எழுதிய ஒரு நிரல். பீங்கானின் மேல் பூசும் கிளேஸ் கலவைக்கான பொருட்களின் எடையைக் கொடுத்தால், 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸேகர் காட்டிய முறையில், இளக்கும் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகை ஒன்று ஆகும்படி சூத்திரத்தை மாற்றித் தரும். குவார்ட்ஸுக்கு மூலக்கூறு எடை 60, பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாருக்கு 556, கயோலினுக்கு 258. கையால் போடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆறேழு பொருளுக்கு, மூன்று நான்கு கலவைக்குப் போடுவது பெரிய வேலை. பொருட்களின் விவரமெல்லாம் ஒரு டேட்டா கோப்பில். அதைத்தான் பெரியவர் பல வருடமாகச் சேர்த்துவைத்திருந்தார்.

முதலில் எக்ஸி கோப்பை டாஸ்பாக்ஸில் ஓட்டினேன். நிரலுக்குள் டேட்டா கோப்பின் விலாசம் சி டிரைவில் ஒரு ஃபோல்டர் என்று நேரடியாக எழுதியிருந்தது. டாஸ்பாக்ஸில் அந்த ஃபோல்டர் அதே இடத்தில் தெரியும்படி மவுன்ட் செய்ததும் எல்லாம் வந்துவிட்டது. பிரின்ட் மட்டும் வரவில்லை. சாதாரண டாஸ்பாக்ஸுக்கு பிரின்டர் போர்ட் கிடையாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளைப் பதிப்பில் உண்டு. பெரியவர் திரையைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றார்.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் நிரலின் மூலமும் அதே ஃபோல்டரில் இருந்தது. அதைப் புது ஜி++-க்குக் கொண்டுவந்தால் இன்னும் இருபது வருடம் கவலையில்லை என்று தோன்றியது. 'வாய்ட் மெயின்', ஹெடர்கள், திரையைத் துடைக்கும் வரிகள் எல்லாவற்றையும் திருத்தினேன். கம்பைல் ஆனது. ஓடியது. முதல் பொருளின் குறியீட்டு எண்ணே கோடிக்கணக்கில் வந்தது, பெயரில் முதல் இரண்டு எழுத்தைக் காணோம், எடையெல்லாம் குப்பை.

டேட்டா கோப்பின் நீளத்தைப் பார்த்தேன்: 1040 பைட். ஒரு பொருளுக்கு ஒரு பதிவு. அதில் ஒரு 'இன்ட்', 20 எழுத்துக்கு இடம், ஒரு 'ஃப்ளோட்'. டர்போ சி கணக்கில் 2, 20, 4 சேர்ந்து 26 பைட். 1040-ஐ 26-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 40. புது கம்பைலரின் கணக்கில் 4, 20, 4 சேர்ந்து 28. 28-ஆல் வகுத்தால் 37 போக 4 மிச்சம் நிற்கிறது. மிச்சம் நிற்கிறது என்றால் அந்தக் கோப்பு அப்படி எழுதப்பட்டதல்ல. 'இன்ட்'-ஐ 16-பிட் எண்ணாக மாற்றி, பதிவின் நடுவே காலி இடம் விடாதே என்று 'பேக்' கட்டளையும் கொடுத்ததும் நாற்பது பொருளும் பெயரோடும் எடையோடும் வரிசையாக வந்து நின்றன. அதே ஃபேக்டோரியல் விஷயம்தான். பள்ளிப் பிள்ளைக்கு ஒரு மைனஸ் எண்ணாக வந்தது, இங்கே ஒரு பட்டறையின் பல வருடச் சேமிப்பாக வந்தது.

பிறகு பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒரே கலவைகளைக் கொடுத்து ஒப்பிட்டேன். மூன்றாம் தசமத்தில் ஓரிரு இடத்தில் மட்டும் வேறுபாடு. பழைய காலத்துக் கணித பிராசஸர் இடைக் கணக்குகளை 80 பிட்டில் வைத்துக்கொள்ளும், இன்றைய 64-பிட் நிரல்கள் அப்படிச் செய்வதில்லை. கிளேஸுக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. ஆனால் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடிந்ததே டர்போ சி இன்னும் ஓடுகிற நிலையில் இருந்ததால்தான். புதிய நிரல் சரியா என்று சொல்ல எனக்கு வேறு சாட்சி கிடையாது. பெரியவரின் லேப்டாப்பில் இரண்டும் இருக்கின்றன. புதியதில் கணக்குப் போடுகிறார். சந்தேகம் வந்தால் பழையதைத் திறக்கிறார்.

லினக்ஸில் இந்த வேலை இன்னும் நேர்த்தியாக முடியும். விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது; பெரும்பாலோர் அதைத் திறக்கவே இல்லை என்பது எனக்கு வருத்தம். பழைய ஜிசிசி-யை மூலத்திலிருந்து கட்டும்போது 'பிரிஃபிக்ஸ்' என்ற ஆப்ஷனில் 'ஆப்ட்' ஃபோல்டருக்குள் ஒரு தனி இடம் கொடுத்துவிட்டால், சிஸ்டத்தின் ஜிசிசி-யைத் தொடாமலே இருக்கும். கட்டும்போது 'யூகான்டெக்ஸ்ட்' என்ற பெயரைச் சொல்லி நின்றால் அது நம் குறை அல்ல. 2017-இல் வந்த, லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.26-இல் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள், பழைய மூலத்தில் அந்த வரிகளைத் திருத்த வேண்டும். சிஸ்டத்தின் ஜிசிசி-யையே அகற்றிவிட்டுப் பழையதை அதன் இடத்தில் வைக்க மட்டும் யாரும் முயல வேண்டாம். அப்புறம் டிரைவர் மாடியூல் கட்டக்கூட மெஷினில் சரியான கம்பைலர் இருக்காது.

பள்ளி, கல்லூரி லேப் பொறுப்பில் உள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் மாணவர்களை நான்கு விவரம் எழுதச் சொல்லுங்கள்: எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த ஃபோல்டர், எந்த விண்டோஸ். லேபில் நீங்கள் வைத்திருக்கும் அதே இன்ஸ்டாலர் கோப்பையும், டாஸ்பாக்ஸின் கான்ஃபிகரேஷன் கோப்பையும் ஒரு பென் டிரைவில் போட்டு வகுப்புக்குக் கொடுங்கள். எக்ஸ்டர்னல் வரும் வாரத்தில் கொடுக்காமல், ஜூன் மாதத்திலேயே கொடுங்கள்.